எண்ணைத் தொட்டால் ஏடு திறக்க வேண்டும்

கணக்குப் பார்ப்பவர்கள் வழக்கமாக இரண்டு கேள்விகள் கேட்பார்கள். முதலாவது, "எவ்வளவு?" இரண்டாவது, "அது எப்படி வந்தது?" முதற் கேள்விக்கு அட்டவணை உடனே பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்குப் பதில் சொல்ல, பில் கட்டுகளை அவிழ்த்துத் தேட வேண்டியிருக்கும். இந்த இரண்டாவது கேள்விக்கும் அட்டவணையே பதில் சொல்லும்படி செய்ய முடியும். அதற்கான எளிய வழியைத்தான் இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறேன்.

வாகனத்தில் சாரதிக்கு முன்னால் வேகத்தையும் எரிபொருளையும் காட்டும் பலகையை டாஷ்போர்ட் என்கிறோம். வியாபாரத் தரவுகளுக்கும் இன்று அப்படியொரு பலகை உண்டு. இன்றைய விற்பனை, கையிருப்பு, வர வேண்டிய கடன் எல்லாம் ஒரே திரையில் தெரியும். எக்செல், கூகுள் ஷீட்ஸ் போன்ற விரிதாள்களிலும், லுக்கர் ஸ்டூடியோ, பவர் பிஐ போன்ற மென்பொருள்களிலும் இவற்றை அமைக்கிறார்கள். வரைபடங்கள் கண்ணைக் கவர்ந்தாலும், வேலைக்கு உதவுவது பெரும்பாலும் கீழே இருக்கும் அட்டவணைதான்.

என் மாமா இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். விடுமுறை நாட்களில் அவருடைய கடன் பட்டியலை விரிதாளில் பதிவது என் வேலை. பெயர், திகதி, பில் இலக்கம், நிலுவை என்று நான்கு நிரல்கள். ஒரு மேசன் வந்து, "தம்பி, நான் இவ்வளவு எடுக்கேல்லையே" என்று சொன்னால் அந்த நான்கு நிரல்களால் என்ன செய்ய முடியும்? அட்டவணை ஒன்று சொல்கிறது, மனிதர் ஒன்று சொல்கிறார். அவர் அரைவாசிப் பணத்தைக் கட்டி, அது பில்லின் பின்புறத்தில் எழுதப்பட்டும் இருக்கலாம். அதைப் பார்க்காமல் திரையிலுள்ள எண்ணை மட்டும் நம்பினால், அன்றாடம் உழைத்து வாழும் ஒருவரைக் கடன்காரன் ஆக்கிவிடுவோம்.

ஆகவே ஐந்தாவதாக ஒரு நிரல் தேவை. ஒவ்வொரு பில்லின் இருபுறத்தையும் போனில் படமெடுத்து, கூகுள் டிரைவ் போன்ற ஓர் இடத்தில் சேமித்து, அந்தப் படத்தின் முகவரியை உரிய வரிசையில் இணைப்பாக வைத்துவிட்டால் போதும். "பில்லைப் பார்க்க" என்ற சொல்லைத் தொட்டதும் கையெழுத்தோடு பில் திறக்கும். வாக்குவாதத்துக்கு அங்கே இடமில்லை. இருவரும் ஒரே தாளைப் பார்க்கிறார்கள்.

இதைச் செய்யும் முறை கடினமானதல்ல. எக்செலிலும் கூகுள் ஷீட்ஸிலும் 'ஹைப்பர்லிங்க்' என்றொரு சார்பு உண்டு. அதற்கு இரண்டு விடயங்களைக் கொடுக்க வேண்டும். ஒன்று முகவரி, மற்றது திரையில் தெரிய வேண்டிய சொல். லுக்கர் ஸ்டூடியோவிலும் இதே பெயரில் சார்பு இருக்கிறது. பவர் பிஐயில், முகவரிகள் உள்ள நிரலை இணைய முகவரி என்று வகைப்படுத்திவிட்டால் அது தொடக்கூடிய இணைப்பாக மாறும்.

பத்து வரிசைகள் என்றால் முகவரிகளை ஒவ்வொன்றாக ஒட்டலாம். பத்தாயிரம் என்றால்? அப்போது முகவரியைச் சூத்திரமே கட்ட வேண்டும். முகவரியில் மாறாத பகுதி ஒன்று, மாறும் பகுதி ஒன்று. மாறாத பகுதியோடு அந்த வரிசையின் இலக்கத்தைச் சேர்த்தால் முழு முகவரி கிடைத்துவிடும்.

இதற்கு மிக நல்ல உதாரணம் நம் மண்ணோடு தொடர்புடையது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஈழத்து எழுத்துகளை இணையத்தில் பாதுகாக்கும் 'நூலகம்' என்ற மின்னூலகத் திட்டம் 2005இல் தொடங்கியது. அதில் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு நூலக எண் உண்டு. ஆசிரியர், மொழி, பதிப்பு, பக்கங்கள் என்ற விபரங்களோடு, நூலைத் திறந்து வாசிக்கும் இணைப்பும் ஒரே பக்கத்தில் இருக்கும். அந்த மின்னூல்களின் முகவரிகளைக் கவனித்தால் ஓர் ஒழுங்கு தெரியும். நூறு எண்களுக்கு ஒரு கோப்புறை. 2385ஆம் எண் நூலென்றால், அது 24ஆவது கோப்புறையில் 2385 என்ற பெயரில் இருக்கும். எண் தெரிந்தால் இடம் தெரியும். நூற்பட்டியல் மட்டும் இருந்து நூல் இல்லாவிட்டால் அது வெறும் இழப்பின் பட்டியல். பட்டியலிலிருந்து நூலுக்கு வழி இருந்தால்தான் அதற்கு நூலகம் என்று பெயர்.

இலக்கத்தை ஏன் வலியுறுத்துகிறேன் என்று தோழியர் கேட்கலாம். பெயரை வைத்தே முகவரி அமைத்தால் என்ன? எங்கள் கல்லூரியில் "பாத்திமா" என்று கூப்பிட்டுப் பாருங்கள், எத்தனை பேர் திரும்புவார்கள்! தகவல் தொழினுட்பப் பாடத்தில் முதன்மைச் சாவி என்று படிக்கிறோமே, அதன் பயன் இதுதான். ஒரு வரிசைக்கு ஒரே ஓர் அடையாளம். இன்னொரு காரணமும் உண்டு. இணைய முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது குறிகளாக மாற்றி எழுதப்படுகிறது. 'யாழ்ப்பாணம்' என்ற ஒரு சொல், மெய்ப்புள்ளிகளையும் கால்களையும் சேர்த்துப் பதினொரு குறியீடுகள். முகவரியில் அது 99 குறிகளாக நீண்டுவிடும். சிறிய இலக்கம் பிழைபடாமல் பயணம் செய்யும்.

கணினி வருவதற்கு முன்பும் இத்தகைய இணைப்புகள் இருந்தன. காணி உறுதி அதற்குச் சான்று. நொத்தாரிசு உறுதியை எழுதி முடித்ததும் அதன் இணைப் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, சில மணித்தியாலங்களுக்குள் வீடுகளை விட்டுப் போக நேர்ந்தது. உறுதிகளை எடுக்க முடியாமற் போன குடும்பங்கள் பல. ஆனாலும் உறுதியின் இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்திருந்து, பதிவகத்தில் பிரதியும் அழியாதிருந்தால், அத்தாட்சிப்படுத்திய பிரதியொன்றைக் கேட்டுப் பெற வழியுண்டு. இலக்கத்தைத் தொட்டால் ஏடு திறக்கும் என்பது காகிதக் காலத்திலும் உண்மையாகவே இருந்தது. இலக்கத்தை நினைவில் வைத்திருந்த ஒருவர் வீட்டில் இருந்தாரா என்பதுதான் கேள்வி.

வையவிரிவலையும் இதுபோன்ற ஒரு கவலையிலிருந்துதான் பிறந்தது. ஜெனீவாவிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் பணியாளர்கள் அடிக்கடி மாறுவதால் தகவல்கள் தொலைந்துபோவதைக் கண்ட டிம் பேர்னர்ஸ்-லீ, 1989இல் ஆவணங்களை இணைப்புகளால் கோக்கும் திட்டத்தை முன்வைத்தார். ஆள் போனாலும் வழி நிற்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

வழி நிற்க வேண்டுமானால் சில கவனங்கள் தேவை. டிரைவில் ஒரு படத்தை வேறு கோப்புறைக்கு நகர்த்தினால் அதன் முகவரி மாறாது. பழையதை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினால் மாறிவிடும். அட்டவணையிலுள்ள இணைப்பு வெறுங்கதவாகும். அதனால் மாதத்துக்கு ஒருமுறையாவது சில இணைப்புகளைத் திறந்து பார்ப்பது நல்லது. முக்கியமான ஆவணங்களின் பிரதியை இன்னோரிடத்திலும் வைக்க வேண்டும்.

அடுத்தது, யார் திறக்கலாம் என்பது. அட்டவணையைப் பார்க்கும் அனுமதி வேறு, அதன் பின்னாலுள்ள கோப்பைத் திறக்கும் அனுமதி வேறு. "இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்" என்று விட்டுவிட்டால், ஒரு வட்ஸ்அப் குழுவில் போய்ச் சேர்ந்ததும் ஒருவருடைய கடனும், விலாசமும், அடையாள அட்டை இலக்கமும் ஊருக்கே தெரிந்துவிடும். கடன் வாங்கியவருக்கும் மானம் உண்டு. ஆகவே, பார்க்க வேண்டியவர்களின் மின்னஞ்சலுக்கு மட்டும் அனுமதி கொடுப்பதே முறை.

உங்கள் வீட்டுக் கடையிலோ, மன்றத்தின் உறுப்பினர் பட்டியலிலோ, கல்லூரி நூலகத்திலோ ஓர் அட்டவணை தயாரிக்கும் பொறுப்பு உங்களுக்கு வந்தால், நிறங்களையும் வரைபடங்களையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒவ்வொரு வரிசைக்கும் மாறாத ஓர் இலக்கம் கொடுங்கள். பிறகு அந்த இலக்கத்திலிருந்து மூல ஆவணத்துக்கு ஒரு வழி வையுங்கள். யாராவது "இது எப்படி வந்தது?" என்று கேட்கும் நாளில், அன்று நீங்கள் அங்கே இல்லாவிட்டாலும், அட்டவணை உங்களுக்காகப் பதில் சொல்லும்.