நோவாத புண்

காலில் முள் தைத்தவன் நொண்டி நடக்கிறான். புண்பட்ட இடம் நிலத்தில் அழுந்தாதவாறு நோவு அவனைத் தடுக்கிறது. அழுத்தம் நீங்கவே அவ்விடத்தில் குருதி தடையின்றி ஓடுகிறது. புண் சின்னாளில் ஆறிவிடுகிறது. நோவை உணராதவனோ நொண்டுவதில்லை. நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை அப்புண்ணின் மீதே மிதித்து நடக்கிறான். புண் ஆண்டுக்கணக்கில் ஆறாது. எலும்பு வரை அழுகிக் காலையே வெட்டவும் நேரிடும்.

தொழுநோயாளர் பலர் உற்ற துன்பம் இதுவே. அந்நோயின் கிருமிகள் நரம்புகளைத் தாக்கி உணர்ச்சியை அழிக்கின்றன. நோயே தசையைத் தின்று விரல்களை உதிர்க்கிறது என்று உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. அக்கருத்தை ஆராய்ந்து மறுத்தவர் மருத்துவர் பால் பிராண்டு. 1914-ஆம் ஆண்டு பிறந்த அவர், இலண்டனில் மருத்துவம் பயின்று, 1946-இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். நோயாளரின் விரல்கள் குறைவது ஏன் என்று துருவிப் பார்த்தார். சுடுகலத்தை வெறுங்கையால் பற்றியது, கருவியின் பிடி உராய்ந்தது என ஒவ்வொரு புண்ணுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. சிலருடைய விரல்கள் மட்டும் இரவில் குறைந்தன. விழித்திருந்து பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது: எலிகள் வந்து கடித்தன, உறங்கியவர் அசையவும் இல்லை! அதன்பின், வீடு திரும்பும் நோயாளருக்குப் பூனையும் கொடுத்தனுப்பப்பட்டது.

இத்தகைய புண்ணுக்கு உற்ற மருந்து ஓய்வு. ஆயினும் ஓய்வு ஏழைக்கு எளிதில் கிட்டும் பொருளன்று. கூலியாள் ஒருவன் இரண்டு திங்கள் படுத்துவிட்டால் அவன் வீட்டில் உலை ஏறுவது எங்ஙனம்? மருத்துவமனைக்கோ கட்டில், உணவு, செவிலியர் எனச் செலவு பெருகும். நோவு இல்லாமையால், புண் பாதி ஆறியதுமே அவன் எழுந்து வேலைக்குப் போய்விடுவான். மீண்டும் புண்ணோடு வருவான்.

இச்சிக்கலை மாவுக்கட்டு பெரிதும் தீர்த்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் முன்னரே சிலர் கையாண்ட அம்முறையைப் பிராண்டும் அவருடைய துணைவர்களும் மேற்கொண்டு பரப்பினர். பாதத்தோடு ஒட்டப் போடும் கட்டு, உடற்பாரம் புண்ணின் மீது மட்டும் விழாமல் கால் முழுவதும் பரவச் செய்கிறது. நோயாளி நடமாடிக்கொண்டிருக்கும்போதே புண் ஆறுகிறது.

ஆறிய காலோடு வெறுந்தரையில் நடந்தால் புண் திரும்பவும் தோன்றும். ஆதலால் நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மெல்லிய ரப்பரால் செருப்புகள் செய்யப்பட்டன. அவற்றில் ஆணி அடிப்பதில்லை. ஆணி காலில் ஏறினும் அணிந்தவர் அறியார் அன்றோ? தேயத் தேயப் புதிய செருப்பு வாங்க வேண்டுமெனினும், கால் இழந்தவன் வாழ்நாள் முழுவதும் இழக்கும் கூலிக்கு முன் அச்செலவு மிகச் சிறிது.

1966-இல் பிராண்டு அமெரிக்காவின் கார்விலுக்குச் சென்றார். தொழுநோயாளருக்குக் கண்ட முறைகள் அங்கே நீரிழிவு நோயாளருக்கும் பயன்பட்டன. நீரிழிவாலும் கால் உணர்ச்சி குன்றுவதுண்டு. தொழுநோய்க் கிருமிகளை ஒழிக்கும் கூட்டு மருந்து 1980-களில் வழக்கிற்கு வந்தது. ஆனால் நெடுநாள் முன்னரே அழிந்த நரம்பு அம்மருந்தால் மீள்வதில்லை. ஆதலின் நோய் நீங்கிய பின்னும் அவர்கள் நாள்தோறும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கின்றனர். கையாலும் தடவிப் பார்க்கின்றனர். எங்கேனும் சூடு மிகுந்திருப்பின் புண் தோன்றப் போகிறது என்று அறிந்து, அக்காலுக்கு அன்றே ஓய்வு தருகின்றனர்.