ராக்கெட் செய்தியைப் பார்த்து பங்கு வாங்கலாமா? எஸ்.எஸ்.எல்.வி சொல்ற கணக்கு



"சார், எச்.ஏ.எல் ராக்கெட் செய்யப்போறாங்களாம், வாங்கிப் போடலாமா?" 2025 ஜூன்ல ஒரே நாள்ல மூணு க்ளையன்ட் கேட்டாங்க. வாங்கறதுக்கு முன்னாடி அந்த ராக்கெட்டோட கதையைப் பார்த்துடுவோம்.

பஸ்ஸும் கால் டாக்ஸியும்

பி.எஸ்.எல்.வி ரூட் பஸ் மாதிரி. சின்ன செயற்கைக்கோள் வச்சிருக்கறவங்க, பெரிய செயற்கைக்கோள் கிளம்பற வரைக்கும் காத்திருந்து, அது போற சுற்றுப்பாதையிலேயே இறங்கிக்கணும். நினைச்ச நேரத்துக்குப் போக ஒரு கால் டாக்ஸியா இஸ்ரோ உருவாக்கினதுதான் எஸ்.எஸ்.எல்.வி. உயரம் 34 மீட்டர், எடை 120 டன். 500 கிலோவை 500 கி.மீ உயரத்துக்குக் கொண்டுபோகும். மூணு முக்கியக் கட்டமும் திட எரிபொருள்ங்கறதால ஏவறதுக்கான தயாரிப்பு வேலை குறைவு.

169 கோடியும் மூணு வாய்ப்பும்

மூணு சோதனைப் பயணம் உட்பட அரசு ஒதுக்கினது 169 கோடி ரூபாய்.

2022 ஆகஸ்ட் 7, முதல் பயணம். இரண்டாம் கட்டம் பிரியும்போது வந்த அதிர்வுல சென்சார்கள் தடுமாற, எல்லாமே பழுதுன்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணிடுச்சு. 356 கி.மீ வட்டப்பாதைக்குப் பதிலா ஒரு பக்கம் 76 கி.மீ வரை தாழ்ந்த பாதை. 750 மாணவிகள் பங்களிச்ச ஆசாதிசாட்டும் போச்சு.

இஸ்ரோ காரணத்தைக் கண்டுபிடிச்சு, பிரியற அமைப்பையும் மென்பொருளையும் மாத்தினாங்க. 2023 பிப்ரவரி 10ல வெற்றி. ஆசாதிசாட்-2வும் மேலே போச்சு. 2024 ஆகஸ்ட் 16ல மறுபடியும் வெற்றி.

இப்போ நம்ம கணக்கு

இந்தத் தொழில்நுட்பத்தை எச்.ஏ.எல் 511 கோடிக்கு ஏலத்துல எடுத்தது. அப்போ அவங்க ஆண்டு வருமானம் சுமார் 30,000 கோடி. அதாவது இது 2 சதவீதம் கூட இல்ல!

அடுத்து, கைமாத்திக்கற காலமே 2 வருஷம். செலவு முதல்ல, வருமானம் அப்புறம்.

மூணாவது, போட்டி. 2021 ஜனவரியில ஸ்பேஸ்எக்ஸ் ஒரே ராக்கெட்ல 143 செயற்கைக்கோள் அனுப்பினாங்க. பஸ் டிக்கெட் மலிவா கிடைக்கும்போது, டாக்ஸிக்கு எத்தனை பேர் வருவாங்க? பதில் ஆர்டர் புக்லதான் தெரியும்.

எச்.ஏ.எல் நல்ல கம்பெனியா இல்லையாங்கறது தனி விஷயம். ஆனா ராக்கெட்டுக்காக மட்டும் வாங்கறீங்கன்னா, நீங்க வாங்கறது கம்பெனியை இல்ல, தலைப்புச் செய்தியை.

இன்னொண்ணு: முதல் பயணம் தோத்தாலும் இஸ்ரோ கிட்ட இன்னும் ரெண்டு பயணத்துக்குப் பணம் இருந்தது. உங்க முதலீட்டுல அந்த ரெண்டாவது வாய்ப்புக்குப் பணம் ஒதுக்கியிருக்கீங்களா?

(இது பரிந்துரை அல்ல, விளக்கம் மட்டுமே.)