மிதியாளியும் இருவழிப் பெருக்கியும்

இசைக்கருவிகளுட் பல, வாசிப்போனின் இரு கைகளையும் தமக்கே உரியனவாக்கிக் கொள்வன. கிற்றார் அவற்றுள் ஒன்று. ஒரு கை நரம்பை அழுத்த, மற்றது மீட்டும். பாட்டின் நடுவே ஒலியின் தன்மையை மாற்ற வேண்டின், எஞ்சியிருப்பது காலேயாம். மிதியால் காற்றூட்டி இரு கைகளாலும் வாசிக்கும் கால் ஆர்மோனியமும் இத்தகைய தேவையிற் பிறந்ததே. மின்கிற்றாரின் பெருக்கியில் இப்பணியைச் செய்வது மிதியாளி. வீட்டில் அமைத்த பெருக்கியொன்றில் இதனைச் சேர்க்கும் முறையும் அதன் அடிப்படை விதியும் இங்கு ஆராயப்படும்.

கிடைத்ததைக் கொண்டு கருவி அமைத்தல் யாழ்ப்பாணத்தார்க்குப் புதிதன்று. 1990இல் குடாநாடு மின்சாரத்தை இழந்தபின், துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர் மக்கள். அவ்வாண்டிலேயே குடிகள் பெயர்ந்து வெறுமையான மயிலிட்டியின் துறைமுகம் 2017இல் மீண்டும் மக்களிடம் கையளிக்கப்பட்டது. டைனமோ தந்தது ஏறத்தாழ 6 வோல்ற்று. பிழை நேர்ந்தால் வானொலி பேசாது, அவ்வளவே. இன்று சுவரில் வரும் மின்சாரமோ 230 வோல்ற்று. வால்வுப் பெருக்கியின் உள்ளே அது 300 வோல்ற்றையும் கடக்கலாம். கைத்திறன் அதுவேயாயினும், பிழைக்குக் கொடுக்கும் விலை வேறு.

இருவழிப் பெருக்கி என்பது யாது? கிற்றாரின் மெல்லிய மின்னலை முதல் வால்வில் பெருகியபின், இரண்டு வழிகளாகப் பிரியும். முதல் வழி அலையின் வடிவைக் குலையாது காக்கும். இது தெளிந்த ஒலி. மின் மன்டலினிற் கர்நாடக இசை வாசித்த யூ. சிறீநிவாஸ் போன்றோரின் கமகங்களுக்கு ஏற்றது இத்தெளிவே. இரண்டாம் வழி அலையை அளவுக்கு மீறிப் பெருக்கும். அப்பொழுது அலையின் முடி வெட்டுண்டு தட்டையாகும். மூன்று மடங்கு, ஐந்து மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்றொனிகள் வலுப்பெற்று, ஒலி கரகரத்து நீண்டு நிற்கும். றொக் இசை விரும்புவது இதனை.

1960களில் வெளிவந்த ஃபெண்டர் பெருக்கிகள் பலவற்றில் இரு வழிகளுக்கும் தனித்தனி உள்வாயில்கள் இருந்தன. வழி மாற வேண்டின் கம்பியைக் கழற்றி மாற்றிச் செருக வேண்டும். ஏறத்தாழ 1980 அளவில், கலிபோர்னியாவில் றாண்டல் சிமித் அமைத்த மேசா பூகி பெருக்கிகள் காலால் வழிமாற்றும் முறையைப் பரப்பின.

இதனைத் தாமே செய்ய முனைவோர்க்கு முதலில் தோன்றும் வழி, ஒலியலையையே நீண்ட கம்பியிற் காலடிக்குக் கொண்டுசென்று, அங்கே ஆளியால் மாற்றி, மீட்டுக் கொணர்வதாம். எளிதாய்த் தோன்றினும் இது தவறு. போகவும் வரவும் 10 மீற்றர்க் கம்பி தேவை எனவும், மீற்றருக்கு 100 பிக்கோபரட்டு கொள்ளளவம் உண்டு எனவும் கொள்வோம். வால்வுச் சுற்றின் தடை 1,00,000 ஓம் ஆயின், ஏறத்தாழ 1,600 ஹேர்ட்சுக்கு மேற்பட்ட மேற்றொனிகள் படிப்படியாகத் தேயும். ஒலியின் ஒளி மங்கும். அன்றியும், அக்கம்பி சுற்றுப்புறத்திலுள்ள 50 ஹேர்ட்சு இரைச்சலையும் வாரிக்கொண்டு வரும்.

எனவே விதி இது: காலுக்குச் செல்ல வேண்டியது கட்டளையே, ஒலியன்று. பெருக்கியினுள்ளே றிலே எனப்படும் மின்காந்த ஆளியொன்றை வழிகள் பிரியுமிடத்திற்கு அருகில் வைத்தல் வேண்டும். மிதியாளிக்குச் செல்வது 12 வோல்ற்று நேரோட்டம் மட்டுமே. றிலேயின் ஒரு தொடுகை வழியைத் தெரிய, மற்றது பயன்படா வழியைப் புவியோடு இணைத்து அதன் கசிவை அடக்கும். ஓட்டம் நிற்கும்போது சுருளில் எழும் எதிர் மின்னழுத்தத்தைத் தணிக்கச் சுருளுக்குக் குறுக்கே இருவாயியொன்று வேண்டும். கொள்ளளவியின் கசிவால் 'தட்' என்ற ஒலி எழாதிருக்க, தொடுகைகளிலிருந்து புவிக்கு ஒரு மெகாஓம் தடையிகள் இடப்படும். றிலே ஓய்ந்திருக்கையில் தெளிந்த வழி இயங்குமாறு அமைத்தால், மேடையில் மிதிக்கம்பி அறுந்தாலும் பாட்டு நிற்காது.

மயிலிட்டி போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்று திறந்த தொடுகைகளை அரிக்கும். ஆதலின் முற்றாக மூடிய றிலேயே உகந்தது. ஒளிபட்டால் தடை குறையும் ஒளியுணர் தடையியைச் சிறு விளக்கோடு இருட்பெட்டியில் அடைத்தும் இவ்வேலையைச் செய்விக்கலாம். அதில் அசையும் உறுப்பு இல்லை.

இவ்விதி இசைநயத்துக்கு மட்டும் உரியதன்று. கிற்றாரின் நரம்புகள் பெருக்கியின் உலோகச் சட்டத்தோடு இணைந்தவை. அதை வாசிப்போன் ஈரமண்ணில் வெறுங்காலோடு நிற்கவுங் கூடும். 1972 மே 3ஆம் நாள், வேல்சிலுள்ள சுவான்சி நகர மேடையில், லெஸ் ஹார்வி என்னும் கிற்றார்க் கலைஞர் புவித்தொடுப்பற்ற ஒலிவாங்கியைத் தொட்டு மின்தாக்கி மாண்டார். ஆகவே சட்டத்துக்குப் புவித்தொடுப்பு இன்றியமையாதது. மின்னிணைப்பைக் கழற்றிய பின்னும் கொள்ளளவிகள் மின்னேற்றத்தைத் தாங்கியிருக்கும். தடையியொன்றினால் அதனை இறக்கி, மானியால் அளந்து பார்த்த பின்னரே உள்ளே கைவைத்தல் வேண்டும்.

உயர்ந்த மின்னழுத்தம் பெட்டிக்குள் அடங்கியிருக்க, தாழ்ந்ததே கால்வரை செல்லட்டும். இப்பிரிவினையைப் பேணும் மாணவன், செவிக்கு இனிய கருவியை அமைப்பதோடு, அதனை வாசிப்போனின் உயிரையும் காப்பவனாவான்.