சோலைப் பறவையும் பனிமலை மாஸும்

உயிரினங்களை வகைப்படுத்துதல் பெயர்ச்சீட்டு ஒட்டும் பணியே என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். வல்ல இறைவனின் படைப்பில் ஒன்றைக் காப்பதற்கு முன், அது எது என அறிய வேண்டும். இதற்கு இரு சான்றுகள் காண்போம்.

முதலாவது, நீலகிரிச் சோலைகளின் அடர்ந்த புதர்களில் மறைந்து வாழும் நீலநிறப் பாடும் பறவை. 1840-களில் ஜெர்டன் இதனை அறிவியல் உலகிற்கு அறிவித்தார். குறுஞ்சிறகன் இனத்தோடும் பிறவற்றோடும் நெடுங்காலம் சேர்த்தெண்ணப்பட்ட இப்பறவை, இன்று ஈப்பிடிப்பான் குடும்பத்தில் ‘சோலிகோலா’ என்னும் தனிப் பேரினமாக நிற்கிறது. 2017இல் மரபணு ஆய்வின்வழி அமைந்த பெயர் இது. நம் ‘சோலை’ இலத்தீன் உருப்பெற்று உலகேறியது மகிழத்தக்கதே!

பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கிலுள்ள வெண்வயிற்றுப் பறவையும் இதுவும் ஒரே இனமென்றே கருதப்பட்டன. 2005இல் இரண்டும் வேறெனப் பிரிக்கப்பட்டன. பிரித்ததும் வடக்குப் பறவையின் வாழிடம் எத்துணைச் சிறிது என்பது புலனாயிற்று. நீலகிரியும், காப்பி விதை கொணர்ந்ததாகச் சொல்லப்படும் சூஃபிப் பெரியார் பாபா பூதனின் பெயர் தாங்கிய கருநாடக மலையுமே அதன் முதன்மை உறைவிடங்கள். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியல் அதனை ‘அழியும் நிலையில் உள்ளது’ என்கிறது.

இரண்டாவது, இமயத்தில் வளரும் ‘தகாக்கியா செரட்டோபில்லா’ என்னும் மாஸ். மாஸைப் பாசி என வழங்கினும், குளத்துப் பாசி வேறு, இது வேறு. 1861இல் மிட்டன் இதனை ஈரற்செடி வகையுள் வைத்தார். 1958இல் ஜப்பானிய அறிஞர்கள் தகாக்கியா என்னும் பேரினத்தை அமைத்தபோதும் அது ஈரற்செடியாகவே எண்ணப்பட்டது. அலூசியன் தீவுகளில் கிடைத்த செடிகளில் வித்துப்பை தாங்கிய காம்பு காணப்பட்டு, 1993இல் அச்செய்தி வெளியான பின்னரே ஐயம் நீங்கியது. ஈரற்செடியின் காம்பு மென்மையானது, விரைவில் வாடும். இதன் காம்போ உறுதியாய் நிலைத்து நிற்பது. எனவே இது மாஸே எனத் துணிந்தனர். செம்பட்டியலில் இதன் நிலை ‘அழிவிற்கு இலக்காகக் கூடியது’.

பறவைக்குரிய நிலை கூடுதல் ஆபத்தைக் காட்டுவதால் மாஸ் பாதுகாப்பாக உள்ளதென்று கொள்ளலாகாது. உலகின் ஏறத்தாழ 11,000 பறவை இனங்களும் மதிப்பிடப்பட்டுள்ளன. மாஸ் இனங்களோ பன்னீராயிரம் அளவின. உலகச் செம்பட்டியல் ஏறியவை சில நூறே. பறவையைக் குரல் காட்டிக்கொடுக்கும். ஒரு சென்டிமீட்டர் உயரச் செடியை மண்டியிட்டுத் தேட வேண்டும். அவ்வாறு தேடியோர் 2023இல் வெளியிட்ட ஆய்வு, திபெத்திய மேட்டுநிலத்தில் தகாக்கியாவின் மற்றோர் இனம் ஆண்டுக்குச் சுமார் 1.6 விழுக்காடு குறைந்துவந்ததைக் காட்டியது.