பழகிய கருவியும் பழகாத கையும்

புகைப்படங்களைத் திருத்த நான் நெடுநாள் பழகிய மென்பொருளைக் கைவிட்டு, விலையில்லாத வேறொன்றுக்கு மாறிய கதையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

போட்டோஷாப் 1990-ஆம் ஆண்டில் வெளிவந்தது. தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் சகோதரர்கள் ஆக்கியது. புகைப்பட நிலையமாயினும் பத்திரிகை அலுவலகமாயினும் அதுவே கோலோச்சியது. முன்பெல்லாம் ஒருமுறை விலை கொடுத்தால் போதும். 2013-இல் அடோபி நிறுவனம் புதிய பதிப்புகளைச் சந்தா முறைக்கு மாற்றியது. சந்தா நின்றால் கருவியும் நிற்கும். தொழில் செய்வோருக்கு அது தொழிற்செலவு. மாணவன் என் செய்வான்? திருட்டுப் பிரதியை நாடுவான்; அன்றிக் கற்பதையே விட்டுவிடுவான். இரண்டையும் கண்டு நான் வருந்தியதுண்டு.

நான் நாடிச் சென்ற ஜிம்ப் என்னும் மென்பொருளைத் தொடங்கியவர்களும் மாணவர்களே. அமெரிக்காவில், பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் இருவரும் 1995-இல் அப்பணியைத் தொடங்கி, மறு ஆண்டே வெளியிட்டனர். அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம்.

முதல் வாரத்தில் எனக்குக் கோபமே மிகுந்தது. விரல்கள் பழைய விசைகளையே தேடின. கற்ற வித்தையெல்லாம் மறந்துவிட்டதோ என்று கூட அஞ்சினேன். அந்நிலையில்தான் என் பாட்டனாரின் மஞ்சளேறிய புகைப்படம் ஒன்றைச் சீர்செய்ய அமர்ந்தேன்.

கணிப்பொறித் திரையில் காணும் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் கலவை. ஒவ்வோர் ஒளியின் அளவையும் பொதுவாக 0 முதல் 255 வரையிலான எண்ணால் குறிப்பர். சிவப்பும் பச்சையும் மிகுந்து நிற்க, நீலம் மட்டும் குன்றினால் மஞ்சள் தோன்றும். ஆகவே மஞ்சளைத் துடைக்க முயல்வது வீண். நீலத்தை உயர்த்த வேண்டும். ஒளியளவைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் வளைகோட்டுக் கருவியைத் திறந்து, நீலத்திற்குரிய கோட்டைச் சற்றே மேலே இழுத்தேன். பாட்டனாரின் வேட்டி சோப்பின்றியே வெளுத்தது! இதே கோடு போட்டோஷாப்பிலும் உண்டு. அடுக்குகளும், ஓர் அடுக்கில் வேண்டாத பகுதியை அழிக்காமலே மறைக்கும் திரையும் அவ்வாறே இரண்டிலும் உள்ளன. பட்டியல்களின் இடம் மாறியிருந்ததே ஒழிய, வித்தை எங்கும் போய்விடவில்லை.

குறையே இல்லை என்று கூற மாட்டேன். நான்கு மைகளில் அச்சாகும் படங்களை நாள்தோறும் அச்சகத்திற்கு அனுப்புவோருக்கு ஜிம்ப் முழுமையாக ஈடாகாது. அன்றியும், என் பழைய கோப்புகள் சிலவற்றைத் திறந்தபோது, எழுத்துகளெல்லாம் திருத்த இயலாத வெறும் படமாக மாறியிருந்தன. தவறு என்னுடையதுதான், அவற்றையெல்லாம் ஒரே கோப்பு முறையில் பூட்டி வைத்திருந்தேன். இப்பொழுது முடிவுற்ற ஒவ்வொரு படத்திற்கும் டிஃப் முறையில் ஒரு பிரதி எடுத்து வைக்கிறேன். அதனைப் பெரும்பாலான படத்திருத்த மென்பொருள்கள் திறக்கும்.