கவலையை விடு... கவலையைச் சாப்பிடு!

''சார், மீன் சாப்பிடுவீங்களா?''

கேட்டவர் டாக்டர். கையில் என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். டிரைகிளிசரைடு 290. நூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டிய சமாசாரம். பள்ளிக்கூடத்திலிருந்து காலேஜ் வரை எந்தப் பரீட்சையிலும் நான் இப்படி இரட்டிப்பு மார்க் வாங்கியதில்லை.

''சாப்பிடுவேன் டாக்டர்.''

''வாரத்துக்கு ரெண்டு தடவை சாப்பிடுங்க. வறுக்காம, எண்ணெய் கம்மியா.''

முதல் வாக்கியம் மட்டும் காதில் விழுந்தது. மறுநாளே ஆபீஸ் பக்கத்து ஏ.ஸி. ரெஸ்டாரண்டில் ஆஜர். மெனு கார்டில் கொட்டை எழுத்தில் 'ஸீ ஃபுட் சாலட்'. சாலட் என்றாலே ஆரோக்கியம். ஸீ ஃபுட் என்றால் டாக்டரே சொன்னது. அப்புறம் என்ன? வாரம் மூன்று நாள் அதுதான் மதியச் சாப்பாடு. பக்கத்து ஸீட் ஆசாமி பரோட்டாவைப் பிய்க்கும்போது அவரைப் பரிதாபமாகப் பார்ப்பேன். சனிக்கிழமை மட்டும் சாலடுக்குத் துணையாக இரண்டு பீர்.

மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட். 305!

பி.காம். படித்தவனுக்குக் கணக்கு உதைத்தால் தூக்கம் வராது. ஓட்டல் சமையல்காரரிடம் நைஸாகப் பேச்சுக் கொடுத்து, ஒரு பிளேட்டில் என்னென்ன, எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டேன். பேரேட்டைத் திறந்தேன்.

வரவும் செலவும்

வரவுப் பக்கம் பிரமாதம். வேகவைத்த இறால் 60 கிராம்: 60 கலோரி, 14 கிராம் புரதம், கொழுப்பு அரை கிராம்கூட இல்லை. கணவாய் 40 கிராம்: 40 கலோரி, 7 கிராம் புரதம். இவை போக பி-12, செலினியம், துத்தநாகம் என்று போனஸ்.

அடுத்து 'நண்டு' 50 கிராம். ஓரம் சிவப்பாக, உள்ளே வெள்ளையாக, குச்சி குச்சியாக இருக்குமே, அது. அதில் பெரும்பாலும் நண்டு பேருக்குத்தான். வெள்ளை மீனை அரைத்து, மாவும் சர்க்கரையும் உப்பும் சேர்த்து, நண்டு வாசனை காட்டியது. ஜப்பான்காரர்களின் கைவண்ணம். இதில் புரதம் 4 கிராம் தேறினால் அதிகம். கலோரி 50.

காய்கறியையும் சேர்த்தால் மொத்தம் சுமார் 170 கலோரி, 25 கிராம் புரதம். லாபமான கம்பெனிதானே?

இப்போது செலவுப் பக்கம். மேலே வெள்ளையாக, வழவழவென்று, மெத்தை போல ஒரு மயோனைஸ். ஒரு பிளேட்டுக்கு நாலு டேபிள்ஸ்பூன். ஒரு டேபிள்ஸ்பூனுக்கு 90 கலோரி வீதம் 360! கிட்டத்தட்ட 40 கிராம் எண்ணெய். அம்மா ரசத்துக்குத் தாளிக்க ஒரு ஸ்பூன் ஊற்றினாலே ''போதும்மா, போதும்மா'' என்று கத்துகிறவன், ஒவ்வொரு தடவையும் மூன்று டேபிள்ஸ்பூன் எண்ணெயை முட்டையில் அடித்துக் குடித்திருக்கிறேன்.

ஆக, பிளேட்டில் 530 கலோரி. அதில் மூன்றில் இரண்டு பங்கு கடலுக்கும் எனக்கும் சம்பந்தமில்லாதது. கூடவே சனிக்கிழமை பீர். ஆல்கஹாலும் சர்க்கரையும் மைதாவும்தான் டிரைகிளிசரைடை ஏற்றிவிடுகிற ஆசாமிகள். மீன் ஒரு படி இறக்க, பீர் இரண்டு படி ஏற்றியிருக்கிறது.

இன்னொரு தகவல்: பச்சை முட்டையில் அடிக்கும் மயோனைஸில் கிருமி பயம் உண்டு. அதனால்தான் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதற்குத் தடை போட்டது.

அப்பா விட்ட இறால்

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஐம்பது வயதில் அவருக்கு முதல் மாரடைப்பு. 'இறாலில் கொலஸ்ட்ரால்' என்று யாரோ சொல்ல, உயிருக்கு உயிரான இறாலை அன்றோடு விட்டார். ஆனால் சாயங்கால போண்டாவை விடவில்லை. டால்டா மணக்கும் பரோட்டாவை விடவில்லை. அதெல்லாம் பட்டியலில் இல்லையே! 2009-ல், ஐம்பத்தாறு வயதில் போய்விட்டார். நான் அப்போது பி.காம். கடைசி வருஷம்.

இறாலில் கொலஸ்ட்ரால் உண்டு, மறுக்கவில்லை. 100 கிராமில் 190 மில்லிகிராம். ஆனால் ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை அதிகம் ஏற்றுவது நாம் சாப்பிடும் கொலஸ்ட்ராலைவிட, வனஸ்பதி போன்ற கொழுப்புதான். 1996-ல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி. 18 பேருக்குத் தினமும் 300 கிராம் இறால் கொடுத்தார்கள், எண்ணெயில் வறுக்காமல். கெட்ட கொலஸ்ட்ரால் 7 சதவீதம் ஏறியது. நல்ல கொலஸ்ட்ரால் 12 சதவீதம் ஏறியது. டிரைகிளிசரைடு 13 சதவீதம் இறங்கியது. அதற்காகத் தினமும் கால் கிலோ இறால் என்று கிளம்பாதீர்கள். எப்போதாவது ஆசைக்கு வேகவைத்த இறால் வில்லன் இல்லை, அவ்வளவுதான். அப்பா விட்டிருக்க வேண்டியது வேறு.

கவலை வேணுமா சார்?

ஞாயிற்றுக்கிழமை காலை. சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட். இறாலுக்கு விலை கேட்டுவிட்டுப் பின்வாங்கிக்கொண்டிருந்தேன்.

''இன்னா சார், கவலை வாங்கிக்கினு போயேன்!''

''என்கிட்டயே நிறைய இருக்கும்மா.''

''அய்ய... மீனு சார்!''

வெள்ளி மாதிரி மின்னும் சின்ன மீன். மத்தி, சாளை எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள். இறால் விலையில் பாதிகூட இல்லை. ஆனால் டிரைகிளிசரைடைக் குறைக்க உதவும் ஒமேகா-3 கொழுப்பு இந்தக் குடும்பத்தில்தான் அதிகம். பருவத்துக்குப் பருவம் மாறினாலும், 100 கிராமில் ஒரு கிராம் சுமாருக்கு இருக்கும். இறாலில் அதில் மூன்றில் ஒரு பங்கு தேறினால் பெரிசு. குழம்பில் நன்றாக வெந்தால் முள்ளையும் மென்றுவிடலாம். கால்சியம் இனாம்! சின்ன மீன் என்பதால் பாதரசத் தொல்லையும் குறைவு.

சாலட் ஆசை விடவில்லை என்றால் வீட்டிலேயே பண்ணலாம். இறாலைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, சிவந்து சுருண்டதும் எடுத்துவிடுங்கள். கணவாய்க்கு ஒன்றரை நிமிஷம் போதும். மறந்தால் செருப்பு ரப்பர். கவலை என்றால் ஆவியில் வேகவைத்து நடுமுள்ளை உருவி உதிர்க்க வேண்டும். வெள்ளரிக்காய், தக்காளி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொத்துமல்லி. மேலே எலுமிச்சம்பழம், மிளகு, ஒரே ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய். முடிந்தது கதை.

மயோனைஸுக்குப் பதில் கெட்டித் தயிர் போடலாம் என்றேன். அம்மா அலறிவிட்டாள். ''மீனும் தயிருமா? உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாப் போட்டுடும்டா!'' வெண்புள்ளிக்கும் மீன்-தயிருக்கும் சம்பந்தம் இருப்பதாக எந்த ஆதாரமும் இல்லை. அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். நல்லெண்ணெயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

முதல் தடவை இறால் சாலட் பண்ணி வைத்தபோது அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ''அவருக்கு ரொம்பப் பிடிக்கும்'' என்றாள். அதற்கு மேல் பேசவில்லை.

ஒரு எச்சரிக்கை: இறால், நண்டு அலர்ஜி உள்ளவர்கள் கிட்டவே போகக்கூடாது. யூரிக் ஆசிட் தொல்லை இருந்தால், கவலை உள்பட எல்லாவற்றையும் டாக்டரைக் கேட்டுக்கொண்டே தொடவும்.

கடைசி பாலன்ஸ் ஷீட்

நாலு மாதம் ஆயிற்று. டிரைகிளிசரைடு 182. டாக்டர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

''பீரை விட்டீங்களா?''

''விட்டேன் டாக்டர்.''

''அப்ப பாதிப் பேரு அதுக்கு. மீதியை மீனுக்குக் குடுங்க. இன்னும் முப்பத்திரண்டு பாயின்ட் பாக்கி இருக்கு, மறந்துடாதீங்க.''

அடுத்த ஞாயிறு, அதே மார்க்கெட், அதே அம்மா.

''இன்னா சார், கவலை எல்லாம் தீந்துச்சா?''

''பாதி தீந்துச்சும்மா. இன்னும் ஒரு கிலோ போடு!''