பழைய லேப்டாப்பில் இணையம்: வைரஸ் நுழையும் வழிகள்

பழவேற்காடு ஏரிக்கரையின் மீனவக் குப்பங்களில் வீட்டுக் கணினி என்றால், அது பெரும்பாலும் பிளஸ் டூ படித்த பிள்ளைக்கு அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்பாகத்தான் இருக்கும். அந்தத் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியதே இதே திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான். ஆரம்ப ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸ் 7, பாஸ் லினக்ஸ் என இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. பிள்ளை வேலைக்குப் போன பிறகும் லேப்டாப் வீட்டிலேயே இருக்கும். ஆதார், பாஸ்புக், படகுப் பதிவு நகல்களெல்லாம் அதில் சேர்ந்துவிடும்.

ஆபத்து தொடங்குவதும் அங்கேதான். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-உடன் நிறுத்திவிட்டது. 2023-இல் குரோம் உலாவியும் அதைக் கைவிட்டது. திருத்தம் போடாத கணினிக்கு என்ன நேரும் என்பதை 2017 மே 12 அன்று பரவிய வானாகிரை காட்டியது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட அந்த நச்சுநிரல், யாரும் எதையும் கிளிக் செய்யாமலே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதே ஆண்டு மார்ச்சிலேயே வந்திருந்தது. அதைப் போடாத கணினிகளே சிக்கின. அவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7.

ஆகவே ஆன்டிவைரஸ் வாங்குவதற்கு முன், இயங்குதளத்தை மாற்றுவதே முதல் வேலை. பழைய லேப்டாப் விண்டோஸ் 11-ஐத் தாங்காது. மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸின் புதிய பதிப்பையோ வேறொரு எளிய லினக்ஸையோ இலவசமாகப் போடலாம். விண்டோஸுக்கு எழுதிய வைரஸ்கள் பெரும்பாலும் அதில் ஓடாது. ஆனால் போலி வங்கிப் பக்கத்தில் பாஸ்வேர்டைத் தட்டினால் லினக்ஸும் காப்பாற்றாது.

புதுப்படம் இறக்கும் தளங்கள் வைரஸுக்குப் பெரிய வாசல். பக்கத்தில் நான்கு ‘டவுன்லோடு’ பொத்தான்கள் மின்னும். பெரும்பாலும் எல்லாமே விளம்பரம். படம் என்றால் பல நூறு எம்பி இருக்கும். 2 எம்பியில் வந்து, பெயர் ‘எக்ஸ்இ’ என முடிந்தால் அது படமே அல்ல, நிரல். திறக்காமல் அழித்துவிட வேண்டும். தெரியாத தளம் ‘நோட்டிபிகேஷன் அனுப்பலாமா’ என்று கேட்டால் மறுப்பதே சரி. ‘உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று திரையை அடைத்து நிற்கும் எச்சரிக்கை முழுப்பொய். உலாவியை மூடினால் போதும்.

முக்கிய ஆவணங்களின் இன்னொரு நகல் பென் டிரைவில் இருக்கட்டும். நகலெடுத்ததும் அதைக் கழற்றி வைக்க வேண்டும். செருகியே இருந்தால், வானாகிரை போன்ற நச்சுநிரல் புகும்போது அதிலுள்ள கோப்புகளும் சேர்ந்து பூட்டப்படும்.

வைரஸ் புகுந்ததாகச் சந்தேகம் வந்தால் முதலில் இணையத்தைத் துண்டிக்க வேண்டும். வங்கி, மின்னஞ்சல் பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்ற வேண்டும். வைரஸ் நீக்கும் இலவசக் கருவிகள் மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் கிடைக்கின்றன. கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ உடனே அழைக்க வேண்டும். தாமதமானால் பணம் பல கணக்குகளுக்கு மாறி, மீட்பது கடினமாகிவிடும்.